பினாங்கு வாக்காளரின் மூன்றாவது வாக்கு எங்கே போனது?

ஜார்ஜ்டவுனில் ஸ்காட் ரோடு என்று ஒரு சாலை இருந்தது. இன்று அதன் பெயர் ஜாலான் டி.எஸ். ராமநாதன். அந்த வழியாக நாள்தோறும் வேலைக்குப் போய் வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று தெரிந்திருக்கும்?

ஜார்ஜ்டவுன் மாநகரின் முதல் மேயர் அவர். 1957 ஜனவரி 1ஆம் நாள், எலிசபெத் அரசியாரின் சாசனத்தின் வழி ஜார்ஜ்டவுன் மாநகர் ஆனது. மலாயாக் கூட்டரசில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் ஊர் இதுதான். சுதந்திரம் கிடைக்க இன்னும் எட்டு மாதங்கள் இருந்தன. சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த அந்த மாநகருக்கு முதல் மேயராக வந்து அமர்ந்தவர் நம்மவர். ஆசிரியராகப் பணியாற்றியவர், தொழிற்கட்சித் தலைவர். அவரை யாரும் மேலிருந்து நியமிக்கவில்லை. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றம்தான் அவரை அந்த நாற்காலியில் அமர்த்தியது.

அந்த வாக்கு இன்று நம் கையில் இல்லை. நாடாளுமன்றத்திற்கு ஒன்று, சட்டமன்றத்திற்கு ஒன்று என இரண்டு வாக்குகளோடு நாம் பழகிவிட்டோம். மூன்றாவதாக ஒன்று இருந்தது என்பதே பலருக்கு மறந்து போயிற்று. பினாங்கு மக்கள் எப்படி வாக்களித்தார்கள், ஏன் அப்படி வாக்களித்தார்கள் என்ற கதையை அந்த மூன்றாவது வாக்கை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

மலாயாவின் முதல் தேர்தல்

1951 டிசம்பர் 1ஆம் நாள் ஜார்ஜ்டவுன் நகராண்மைக் கழகத்திற்குத் தேர்தல் நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலாயா கண்ட முதல் தேர்தல் அது. தஞ்சோங், கெலாவாய், ஜெலுத்தோங் என மூன்று வட்டாரங்கள்; வட்டாரத்திற்கு மூன்று இடங்கள். ஒன்பது இடங்களில் ஆறினை டாக்டர் லிம் சோங் இயூ தலைமையிலான ரேடிக்கல் கட்சி வென்றது. அம்னோவுக்கு ஒன்று, தொழிற்கட்சிக்கு ஒன்று, சுயேச்சைக்கு ஒன்று. பதினைந்து பேர் கொண்ட மன்றத்தில் மீதி ஆறு பேர் நியமன உறுப்பினர்கள்.

ஐந்தே ஆண்டுகளில் அந்த நியமன இடங்களும் போயின. 1956-இல் உறுப்பினர் அனைவரும் வாக்கால் வந்தவர்கள் என்ற நிலையை நாட்டிலேயே முதலில் எட்டியது ஜார்ஜ்டவுன்தான்.

அந்த மன்றத்தை இன்றைய மன்றங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம். குப்பை அள்ளுவதும் கடை உரிமம் கொடுப்பதும் மட்டும் அதன் வேலையாக இருக்கவில்லை. மின்சாரம், குடிநீர், பேருந்து என எல்லாமே மன்றத்தின் கையில் இருந்தன. 1960களின் நடுவில் மாநகர் மன்றத்தின் ஆண்டு வருமானம் மாநில அரசின் வருமானத்தைவிட அதிகம். வீட்டு விளக்கு எரிவதும் குழாயில் தண்ணீர் வருவதும் தம்முடைய வாக்கோடு நேரடியாகத் தொடர்புடையவை என்று ஜார்ஜ்டவுன்வாசிக்கு அன்றே தெரிந்திருந்தது.

துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் நகராண்மைத் தொழிலாளர்களும் தொழிற்சங்கங்களில் திரண்டிருந்த காலம் அது. அவர்களில் தமிழர்கள் கணிசமாக இருந்தார்கள். இடதுசாரித் தொழிற்கட்சி மன்றத்தில் காலூன்றியதற்கு அந்தச் சங்கங்களும் ஒரு காரணம். வட்டாரம் சிறியது என்பதால், நூற்றுக்கணக்கில் உள்ள ஒரு சமூகத்தின் வாக்குக்கும் அங்கே எடை இருந்தது.

ஒரு கை ஒருவருக்கு, மறு கை இன்னொருவருக்கு

பினாங்கு வாக்காளருக்கு ஒரு தனிக் குணம் உண்டு என்று அரசியல் பார்வையாளர்கள் சொல்வார்கள். எல்லா முட்டையையும் ஒரே கூடையில் போடமாட்டார். அந்தக் குணம் அந்த நாளிலேயே தெரிந்தது.

1959 மாநிலத் தேர்தலில், அலையன்ஸ் எனப்பட்ட அன்றைய கூட்டணிக்கு 24 சட்டமன்ற இடங்களில் 17 கிடைத்தன. தொழிற்கட்சி அங்கம் வகித்த சோஷலிஸ்ட் முன்னணிக்கு ஏழு மட்டுமே. ஆனால் அதே காலக்கட்டத்தில் ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றம் சோஷலிஸ்ட் முன்னணியின் கையில் இருந்தது. மாநில ஆட்சி ஒருவரிடம், மாநகர் நிர்வாகம் இன்னொருவரிடம். ஒருவரை ஒருவர் கண்காணிக்கட்டும் என்ற கணக்கு.

1969 மே 10ஆம் நாள் நடந்த தேர்தலில் பினாங்கு ஆட்சியையே மாற்றிப் போட்டது. தீர்வையற்ற துறைமுகம் என்ற தகுதி பறிபோய், வேலையின்மை கடுமையாக இருந்த நேரம். தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த கெராக்கான் கட்சிக்கு 24-இல் 16 இடங்கள். 1951-இல் ரேடிக்கல் கட்சிக்குத் தலைமை தாங்கிய அதே லிம் சோங் இயூ முதலமைச்சரானார். அந்தத் தேர்தலில் ஜார்ஜ்டவுனின் டத்தோ கிராமாட் நாடாளுமன்றத் தொகுதியில் கெராக்கான் வேட்பாளராக வென்றவர் வி. டேவிட், போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளர். பினாங்குத் தொழிலாளி வாக்கின் வலிமைக்கு அவரும் ஒரு சாட்சி.

பின்னர் கெராக்கான் தேசிய முன்னணியில் சேர்ந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தது, பாலம் வந்தது, வேலை வந்தது. மாநில ஆட்சியை மக்கள் கெராக்கானிடமே விட்டு வைத்தார்கள். ஆனால் கோலாலம்பூரில் போய் உரக்கப் பேசுவதற்கு எதிர்க்கட்சிக்காரரை அனுப்பினார்கள். ஜெலுத்தோங்கில் கர்ப்பால் சிங் 1978 முதல் 1999 வரை நாடாளுமன்ற உறுப்பினர். தஞ்சோங்கில் லிம் கிட் சியாங் 1986 முதல் 1999 வரை. பாகான் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும்போதே 1995-இல் மறைந்தவர் பி. பட்டு. அவருடைய மேடைப் பேச்சைக் கேட்டவர்கள் இன்னமும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

1990-இல் இந்தக் கணக்கு கிட்டத்தட்டத் தவறிப் போனது. லிம் சோங் இயூவைப் பாடாங் கோத்தா தொகுதியில் லிம் கிட் சியாங் தோற்கடித்தார். மொத்தம் 33 இடங்களில் ஜ.செ.க. 14 இடங்களைப் பிடித்தது. தேசிய முன்னணி 19 இடங்களோடு தப்பியது. இன்னும் மூன்று இடங்கள் கைமாறியிருந்தால் ஆட்சியே மாறியிருக்கும்.

அடுத்த தேர்தலில் மக்கள் பழைய வழிக்குத் திரும்பினார்கள். 1995-இல் சட்டமன்றத்தின் 33 இடங்களில் 32 தேசிய முன்னணிக்கு. ஆனால் அதே நாளில், அதே வாக்குச்சாவடியில், அதே மக்கள் தஞ்சோங், ஜெலுத்தோங், பாகான் நாடாளுமன்றத் தொகுதிகளை ஜ.செ.க.வுக்குக் கொடுத்தார்கள். 2004-இலும் அதே கதைதான். சட்டமன்றத்தின் 40 இடங்களில் 38 தேசிய முன்னணிக்கு. தஞ்சோங்கும் புக்கிட் குளுகோரும் நாடாளுமன்றத்தில் ஜ.செ.க.வுக்கு.

இப்படி வாக்கைப் பிரித்துப் போடுவது நமக்கு மட்டும் உரிய வித்தை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 1980 ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தி.மு.க. – இந்திரா காங்கிரஸ் கூட்டணி 39 இடங்களில் 37-ஐ அள்ளியது. எம்.ஜி.ஆர். கதை முடிந்தது என்று பலரும் எழுதிவிட்டார்கள். ஐந்து மாதங்கூட ஆகவில்லை, மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அதே மக்கள் எம்.ஜி.ஆரை மீண்டும் முதலமைச்சராக்கினார்கள். டெல்லிக்கு யார், கோட்டைக்கு யார் என்று மக்கள் தனித்தனியாகத்தான் எடை போட்டார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இதற்கு இல்லை.

நம்மவர் வாக்கு

பினாங்கு மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ பத்தில் ஒருவர். நாட்டில் எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் நாம் பெரும்பான்மை இல்லை. ஆகவே இந்தியர் வாக்கு தனியாக எவரையும் வெல்ல வைப்பதில்லை. மற்ற இரண்டு தரப்பும் நெருங்கி நிற்கும்போது தராசு முள்ளைச் சாய்க்கும். நம் பலம் அவ்வளவுதான். அது குறைந்த பலமும் இல்லை.

பினாங்கில் அந்தத் தராசு முள் பெரும்பாலும் பெருநிலத்தில், பிறையிலும் பாகான் டாலாமிலும் இருக்கிறது. தோட்டங்கள், ரயில்வே, துறைமுகம் என்று வேலை தேடி வந்து நிலைத்த குடும்பங்கள் வாழும் பகுதிகள். நீண்ட காலம் இவை ம.இ.கா.வின் தொகுதிகளாகக் கருதப்பட்டன. 2004-இல் ம.இ.கா.வுக்குப் பினாங்கில் கிடைத்த இரண்டு சட்டமன்ற இடங்களும் இவைதாம். கோயிலுக்கு நிலம், பள்ளிக்குக் கூரை, பிள்ளைக்கு உதவிச் சம்பளம் என்று எதற்கும் ம.இ.கா. கிளைத் தலைவரைப் பார்ப்பதுதான் அன்று வழி.

2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூரில் நடந்த ஹிண்ட்ராஃப் பேரணி அந்த வழக்கத்தை உடைத்தது. நூறு நாட்களுக்குச் சற்று அதிகமாக இடைவெளி. 2008 மார்ச் 8ஆம் நாள் பொதுத்தேர்தல். ம.இ.கா. போட்டியிட்ட ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளில் மூன்றில் மட்டுமே வென்றது. சுங்கை சிப்புட்டில் டத்தோஸ்ரீ சாமிவேலு தோற்றார். பினாங்கில் முதலமைச்சர் டான்ஸ்ரீ கோ சூ கூன், பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில் பேராசிரியர் பி. ராமசாமியிடம் தோற்றார். பிறை சட்டமன்றத் தொகுதியையும் வென்ற ராமசாமி, மாநிலத்தின் இரண்டாம் துணை முதலமைச்சரானார். இந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்.

புதிய ஆட்சிக்கு முதல் சோதனை விரைவிலேயே வந்தது. குளுகோரில் மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர் கிராமமான கம்போங் புவா பாலாவின் நிலம் முந்தைய ஆட்சிக் காலத்திலேயே கைமாறியிருந்தது. குடியிருந்தவர்கள் நீதிமன்றப் படியேறியும் பயன் கிடைக்கவில்லை. 2009 செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. யார் மீது குற்றம் என்ற வாதம் பல மாதங்கள் நம் கோயில் மண்டபங்களிலும் மாமாக் கடைகளிலும் நடந்தது. அடுத்த தேர்தலில் நம்மவர் பாடம் புகட்டுவார்கள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள்.

அப்படி நடக்கவில்லை. 2013-இல் பினாங்கில் ஜ.செ.க. போட்டியிட்ட 19 சட்டமன்றத் தொகுதிகளிலும் வென்றது. பத்து காவானில் பி. பட்டுவின் மகள் கஸ்தூரி பட்டு நாடாளுமன்றத்திற்குப் போனார்.

நான்கு தேர்தல், ஒரே எண்

இங்கேதான் பினாங்கு வாக்காளரின் பழைய குணம் மாறிப்போனது தெரிகிறது. 2008-இல் ஜ.செ.க.வுக்கு 19 இடங்கள். 2013-இல் 19. 2018-இல் 19. 2023-இல் 19. நான்கு தேர்தல்களிலும் போட்டியிட்ட எல்லா இடங்களிலும் வெற்றி. வாக்கைப் பிரித்துப் போட்டுப் பழகியவர்கள், இப்போது நாடாளுமன்றம், சட்டமன்றம் இரண்டிற்கும் ஒரே பக்கம் சாய்கிறார்கள்.

பிளவு இப்போது வேறு வடிவத்தில் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 12ஆம் நாள் நடந்த மாநிலத் தேர்தலில் பக்காத்தான் ஹராப்பானும் தேசிய முன்னணியும் கைகோத்து 40-இல் 29 இடங்களைப் பெற்றன. பெரிக்காத்தான் நேஷனல் 11 இடங்களைப் பிடித்தது. 2018-இல் தனித்து நின்ற பாஸ் கட்சிக்கு ஒரே இடம்தான் கிடைத்திருந்தது. மலாய்க்காரர் அதிகமுள்ள தொகுதிகள் ஒரு பக்கம், சீனரும் இந்தியரும் அதிகமுள்ள தொகுதிகள் இன்னொரு பக்கம் என்று வரைபடமே நிறம் பிரிந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் ஒரே வாக்காளரின் மனத்துக்குள் நடந்த பங்கீடு, இன்று அக்கம்பக்கத்துத் தொகுதிகளுக்கு இடையே நடக்கிறது.

இன்னொரு மாற்றமும் உண்டு. 2022 நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது பினாங்கு தன் சட்டமன்றத்தைக் கலைக்கவில்லை. ஒரே நாளில் இரண்டு வாக்குச்சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு எடை போடும் வாய்ப்பு அதனால் இல்லாமல் போனது.

இந்தியர் வாக்குக்கு இதில் என்ன இருக்கிறது? நம் வாக்கு எந்தப் பெட்டியில் விழும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், ஒரு தரப்பு அதைத் தேடி வராது. இன்னொரு தரப்பு அதை இழந்துவிடுவோமோ என்று அஞ்சாது. 2023-இல் பதினைந்து ஆண்டுகள் பிறையைப் பிரதிநிதித்த ராமசாமிக்குக் கட்சி வாய்ப்பளிக்கவில்லை. அவர் வெளியேறி உரிமை கட்சியைத் தொடங்கினார். ஆனால் பிறையில் ஜ.செ.க.வின் புதிய வேட்பாளர் எஸ். சுந்தராஜு வென்று ஆட்சிக்குழுவிலும் இடம்பெற்றார். ஆள் மாறினாலும் வாக்கு மாறவில்லை. அந்த முடிவு சரியா, தவறா என்பது வேறு விவாதம். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் பிறை வாக்காளர் இல்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

பறிபோனது எப்படி?

அப்படியானால் சிறிய சமூகத்தின் வாக்குக்கு எங்கே எடை அதிகம்? வட்டாரம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு அதிகம். அதனால்தான் மூன்றாவது வாக்கை நினைக்க வேண்டியிருக்கிறது.

1965 மார்ச் 1ஆம் நாள், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நாடு முழுவதும் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டன. 1966-இல் ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் பொறுப்புகள் முதலமைச்சரிடம் போயின. மோதல் அந்த ஆண்டே முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை.

என்ன செய்யலாம் என்று ஆராய அரசாங்கமே ஓர் அரச விசாரணை ஆணையத்தை அமைத்திருந்தது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். ம.இ.கா.வின் முன்னணித் தலைவர், ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகி அம்மையாரின் கணவர். நாடு முழுக்கச் சாட்சியம் கேட்டு, 1968 டிசம்பரில் அறிக்கையை முடித்தார்கள். ஊராட்சி மன்றங்களை மக்கள் தேர்ந்தெடுத்தவர்களே நடத்த வேண்டும் என்பது அதன் பரிந்துரை. ஆளும் கூட்டணியைச் சேர்ந்த ஒருவர் தலைமையிலான ஆணையமே அப்படிச் சொன்னது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு ஒரேயடியாக முற்றுப்புள்ளி வைத்தது. அன்று முதல் ஒவ்வொரு மன்றத்திற்கும் எட்டு முதல் 24 உறுப்பினர்கள் வரை மாநில அரசே நியமிக்கிறது.

2008-இல் ஆட்சிக்கு வந்தவர்கள் தேர்தலை மீட்போம் என்றார்கள். பினாங்கு சட்டமன்றம் 2012-இல் அதற்கென ஒரு சட்டமும் இயற்றியது. மாநில அரசும், அலிரான் இயக்கத்தின் முன்னாள் தலைவர் பி. ராமகிருஷ்ணனும் கூட்டரசு நீதிமன்றம் சென்றார்கள். 2014 ஆகஸ்டில், அப்படிச் சட்டம் இயற்ற மாநிலத்திற்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. 2018-இல் கூட்டரசு ஆட்சியும் மாறியபோது நம்பிக்கை பிறந்தது. இனப் பிரச்சினையைக் கிளப்பும் என்று சொல்லிப் பிரதமர் துன் மகாதீர் அந்த ஆண்டு இறுதியிலேயே கதவை மூடினார்.

ராமநாதன், ஆதி நாகப்பன், ராமகிருஷ்ணன். மூன்றாவது வாக்கின் கதையில் ஒவ்வொரு கட்டத்திலும் நம்மவர் ஒருவர் நிற்கிறார். ஆனாலும் இதை நம் பிரச்சினையாக நம் அமைப்புகள் எழுப்பிக் கேட்பது அரிது.

எதிர் வாதமும் உண்டு

தேர்தல் வேண்டாம் என்பவர்களின் வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. நகரங்களில் சீனர் அதிகம். தேர்தல் வந்தால் மற்றவர்களின் குரல் அடங்கிவிடும் என்கிறார்கள். தேர்தலுக்குப் பெருஞ்செலவாகும் என்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் அந்த நாளில் முறைகேட்டுப் புகார்களுக்கும் விசாரணைக்கும் ஆளானதை நினைவூட்டுகிறார்கள். அதுவும் உண்மைதான்.

முதல் வாதத்திற்கு ஜார்ஜ்டவுனின் சொந்த வரலாறே பதில் சொல்கிறது. சீனர் பெரும்பான்மையான மாநகரில் தேர்தல் வழி வந்த மன்றம்தான் ராமநாதனை மேயராக்கியது. கட்சியும் தொழிற்சங்கமும் இனத்தைத் தாண்டி ஆள் சேர்த்ததால் அது முடிந்தது. இன்றைய கட்சிகளால் அது முடியுமா என்பது நியாயமான கேள்வி.

2023-இல் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் மேயராக டத்தோ ஏ. ராஜேந்திரன் நியமிக்கப்பட்டபோது நம் சமூகம் பெருமைப்பட்டது. மன்றத்திலேயே பணியாற்றி உயர்ந்த அதிகாரி அவர், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் நியமித்தது மாநில அரசு. 1957-இல் கிடைத்த மேயர் பதவிக்குப் பின்னால் மக்களின் வாக்கு இருந்தது.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

மூன்றாவது வாக்கு நாளையே திரும்பப் போவதில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். அதற்குத் துணிவு வேண்டும். கோலாலம்பூருக்கு மேயர் தேர்தல் என்ற பேச்சு அண்மைக் காலத்தில் எழுந்திருக்கிறது. அது எங்கே போகிறது என்று பினாங்கு கவனிக்க வேண்டும்.

அதுவரை கையில் இருப்பதைக் கொண்டு செய்யக்கூடியவை சில உண்டு. பினாங்குத் தீவு, செபராங் பிறை என மாநிலத்தில் இரண்டு மாநகர் மன்றங்கள். கோயில் அருகே வடிகால் அடைத்தாலும், அங்காடி உரிமம் இழுபட்டாலும் முதலில் பார்க்க வேண்டியவர் மன்ற உறுப்பினர். உங்கள் பகுதிக்குப் பொறுப்பானவர் யார் என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். மன்றக் கூட்டங்களில் அவர் என்ன பேசினார் என்று கேளுங்கள். அவரை நியமிக்கும்போது வட்டார மக்களைக் கலந்துகொள்ளும்படி சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்து வழி கேளுங்கள். ஆலய நிர்வாகமும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து கேட்டால் குரல் இன்னும் பெரிதாகும்.

இன்று பதினெட்டு வயது நிறைந்த குடிமகனின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. அடுத்த தேர்தலில் முதல்முறை வாக்களிக்கப் போகும் பிள்ளைகள் நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். எந்தக் கட்சிக்குப் போடுவது என்று அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வீடு தேடி வரும் வேட்பாளரிடம், "ஊராட்சித் தேர்தல் பற்றி உங்கள் நிலை என்ன?" என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தால் போதும். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.